நாலு சக்கர எலுமிச்சம்பழம்

நம் ஊரில் கார் வாங்கினால் முதல் செலவு நாலு எலுமிச்சம்பழம். கோயில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக அடியில் வைத்து, "ம்... ஏத்துங்க சார்!" என்று குருக்கள் குரல் கொடுத்ததும் ஏற்றி நசுக்கினால் திருஷ்டி கழிந்தது. அமெரிக்காவிலும் காருக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் அங்கே பழம் சக்கரத்துக்கு அடியில் இல்லை, மேலே இருக்கிறது. காரேதான் எலுமிச்சம்பழம்!

புதிதாக வாங்கிய கார் திரும்பத் திரும்பப் படுத்துக்கொண்டால் அதற்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'லெமன்'. பெயர் வைத்ததோடு நிற்கவில்லை, சட்டமே போட்டுவிட்டார்கள். 1982-ல் கனெக்டிகட் மாநிலம் 'லெமன் லா' கொண்டுவந்தது. ஒரே கோளாறை இத்தனை தடவை ரிப்பேர் செய்தும் சரியாகவில்லை என்றால், கம்பெனி வேறு கார் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இன்று ஐம்பது மாநிலத்திலும் ஏதாவது ஒரு வடிவில் இந்தச் சட்டம் இருக்கிறது. ஓர் ஊரில் கொசு ஒழிப்புத் துறை இருந்தால் அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

நான் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே டிராய் என்ற ஊரில். என் சகதர்மிணிக்கு அங்கே இன்ஜினீயர் உத்தியோகம். எனக்கு எழுதுகிற உத்தியோகம். அதை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம் என்பதால், வீட்டையும் நாலு வயசு மகளையும் கவனித்துக்கொண்டு இல்லத்தரசனாக உட்கார்ந்திருக்கிறேன். பட்டுக்குக் காஞ்சிபுரம் மாதிரி காருக்கு டெட்ராய்ட். தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது கார் கம்பெனியில் இருப்பார்கள், அல்லது இருந்து ரிட்டயர் ஆகியிருப்பார்கள். அங்கே குடியிருந்துகொண்டு ஜப்பான் கார் வாங்குவது, காஞ்சிபுரத்தில் முகூர்த்தத்துக்குச் சூரத் பாலியஸ்டர் கட்டிக்கொண்டு போகிற மாதிரி. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பார்ப்பார்கள்.

தவிர, அந்த ஊரில் கார் இல்லாமல் பால் பாக்கெட்கூட வாங்க முடியாது. கையில் இருந்த பணத்துக்குப் பதினோரு வருஷப் பழசான ஓர் அமெரிக்கக் கார்தான் கிடைத்தது. அதே வயசு ஜப்பான் கார் இரண்டாயிரம் டாலர் கூட. பி.காம். படித்தவனுக்கு அந்த வித்தியாசத்திலேயே மார்க்கெட்டின் தீர்ப்பு தெரிந்துவிட்டது. இருந்தாலும் இல்லாத இரண்டாயிரத்துக்கு எங்கே போவது? கார் வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். நாளைக்கும் அந்தத் தெருவில் குடியிருக்க வேண்டும் பாருங்கள்!

காரைப் பற்றி நல்லதாகவும் சொல்ல வேண்டும். ஏ.சி. போட்டால் ஊட்டி. ஸீட் என்பது ஸீட் இல்லை, சோபா. ஐந்து பேர் உட்காரும் வண்டியில் தம்ளர் வைக்க எட்டுக் குழி. ஆளுக்கு ஒன்று போக மூன்று பாக்கி. அந்த மூன்று யாருக்கு என்று நானும் வெகுநாள் யோசித்திருக்கிறேன்.

கெட்டது? கூரையின் உள்பக்கம் ஒட்டிய துணி பசை விட்டுப்போய், கல்யாணப் பந்தல் மாதிரி தலைமேல் தொங்கியது. குண்டூசி குத்திக் குத்தி நிறுத்தி வைத்தோம். முன்விளக்கு பல்ப் ஒருநாள் அணைந்தது. அந்தப் பல்பு பன்னிரண்டு டாலர். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் முன் பம்பரை முழுசாகக் கழற்ற வேண்டும்! சட்டைப் பித்தானை மாற்ற ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற கதை. இதை டிசைன் செய்த புண்ணியவான் வாழ்நாளில் ஒரு பல்பாவது மாற்றியிருப்பாரா என்பது என் நியாயமான சந்தேகம்.

பின்னால் இண்டிகேட்டர்? அதுவும் சிவப்பு, பிரேக் விளக்கும் சிவப்பு, இரண்டும் ஒரே பல்பு. முன்னால் போகிறவர் நிற்கிறாரா, திரும்புகிறாரா என்று நாம்தான் ஜோசியம் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் இண்டிகேட்டர் என்றால் மஞ்சள். அமெரிக்க விதி சிவப்பையும் அனுமதிக்கிறது. மஞ்சள் இண்டிகேட்டர் இருந்தால், திரும்பும்போது பின்னால் வந்து இடிக்கிற விபத்து சுமார் 5 சதவீதம் குறைகிறது என்று 2009-ல் அந்த அரசாங்கத்தின் ஆய்வே சொன்னது. ஆனாலும் விதி மாறவில்லை. ஒரு பல்பு மிச்சம் இல்லையா?

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அடுத்ததை அப்படிச் சொல்ல வரவில்லை.

போன வருஷம் ஜனவரி, சாயங்காலம் ஆறரை மணி. வெளியே மைனஸ் 14 டிகிரி. ஆஃபீஸ் விட்டு, மகளைப் பாட்டு வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு ஃப்ரீவேயில் வந்துகொண்டிருந்தாள் என் மனைவி. மணிக்கு 70 மைல் வேகம். 'டொக்' என்று ஒரு சத்தம். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி முழுசாகக் கதவுக்குள் இறங்கிவிட்டது. பட்டனை அமுக்கினால் மோட்டார் மட்டும் உறுமுகிறது, கண்ணாடி வரவில்லை.

ஓரமாக நிறுத்தி எனக்குப் போன் செய்தாள். "ஏங்க, கண்ணாடி உள்ளே போயிடுச்சுங்க. இழுவை வண்டிக்குக் கேட்டா ஒன்றரை மணி நேரம் ஆகும்கிறான். இவளை வெச்சுக்கிட்டு இங்கே நிக்க முடியாது. நான் ஓட்டிட்டே வந்துடறேன்." பின்னாலிருந்து மகள் சந்தோஷமாகக் கத்துகிறாள்: "அப்பா! காருக்குள்ளயே ஸ்நோ!"

பதினாலு மைல். தன் கோட்டைக் கழற்றிக் குழந்தைமேல் போர்த்திவிட்டு, ஸ்வெட்டரோடு ஓட்டி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஸ்டீயரிங்கிலிருந்து விரலை எடுக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி முழுவதும் இடது காதைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மெக்கானிக் கதவைப் பிரித்தார். உள்ளே கையை விட்டுத் துழாவி, கட்டைவிரல் நகம் அளவில் இரண்டாக உடைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கிற கிளிப். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து உடைந்துவிட்டது. மிச்சிகனில் குளிரடிக்கும் என்பது டெட்ராய்ட் கம்பெனிக்குத் தெரியாத ரகசியமா?

"இந்தக் கிளிப்பை மட்டும் மாத்திடலாமா?" என்றேன்.

கிளிப் தனியாகக் கிடைக்காதாம். மோட்டார், கம்பி, தண்டவாளம் எல்லாம் சேர்த்து முழு செட்டாகத்தான் விற்பார்கள். கூலியோடு 410 டாலர். லெமன் லா? மிச்சிகனிலும் 1986-லிருந்து இருக்கிறது, புதுக் காருக்கு. பதினோரு வயசுக் காருக்கு எலுமிச்சம்பழ அந்தஸ்துகூடக் கிடையாது.

எனக்கு இன்ஜின் தெரியாது. கணக்குத் தெரியும். பி.காம். முதல் வருஷம் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று இருந்தே தீரும். அந்தக் கிளிப்பை உலோகத்தில் போடாமல் பிளாஸ்டிக்கில் போட்டதில் கம்பெனிக்குச் சில காசு வரவு. அதற்கு எதிரான பற்று என் வீட்டில் எழுதப்பட்டது: 410 டாலர், ஒரு ராத்திரித் தூக்கம், ஒரு காது. இது கம்பெனியின் எந்தப் புத்தகத்திலும் வராது. பாலன்ஸ் ஷீட் அழகாக டேலி ஆகும்.

இதைப் பெரிய அளவில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கச் சரித்திரத்தில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன.

ஒன்று, 1973-ல் ஃபோர்டு கம்பெனி தயாரித்த ஒரு குறிப்பு. கார் குட்டிக்கரணம் அடித்தால் பெட்ரோல் ஒழுகாமல் தடுக்க வண்டிக்கு 11 டாலர் செலவு. நாட்டில் வருஷத்துக்கு ஒரு கோடியே 25 லட்சம் வண்டி. ஆக 13.75 கோடி டாலர். தடுத்தால் பிழைப்பவர்கள் 180 பேர், தலைக்கு இரண்டு லட்சம் டாலர். தீக்காயத்திலிருந்து தப்பிப்பவர்கள் 180 பேர், தலைக்கு 67,000. எரியாமல் தப்பும் வண்டி 2,100, வண்டிக்கு 700. மொத்தப் பலன் 4.95 கோடி. ஆகவே, கட்டுப்படியாகாது!

இந்தக் குறிப்பைப் பின்டோ காரோடு சேர்த்தே எல்லோரும் சொல்வார்கள். நியாயமாகச் சொன்னால், இது பின்டோவுக்கு மட்டும் போட்ட கணக்கில்லை, எல்லாக் கம்பெனி வண்டிகளுக்குமாகப் போட்டது. இரண்டு லட்சம் என்ற விலையும் ஃபோர்டு வைத்ததல்ல, அரசாங்கத்தின் பாதுகாப்புத் துறை தந்த எண். எனக்கு அதுதான் இன்னும் கலக்கமாக இருக்கிறது. கெட்டவன் ஒருவன் போட்ட கணக்கு என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இது ஒழுங்காக, முறைப்படி, ரூல் போட்டு எழுதின கணக்கு! பின்டோவுக்குத் தனிக் கதை. அதன் பெட்ரோல் டாங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. பின்னால் வந்து இடித்தால் டாங்க் ஓட்டையாகித் தீப்பிடித்தது. 1978-ல் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள்.

இரண்டாவது, ஜெனரல் மோட்டார்ஸின் சாவி ஸ்விட்ச். ஷெவர்லே கோபால்ட், சாட்டர்ன் ஐயான் மாதிரிச் சின்னக் கார்களில் சாவி போடுகிற இடத்தில் ஸ்ப்ரிங் லூஸ். சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் பட்டாலோ, ஓடுகிற வண்டியில் சாவி தானாகத் திரும்பி இன்ஜின் அணைந்துவிடும். ஸ்டீயரிங் இறுகிவிடும். இடித்தால் காற்றுப்பை விரியாது. கம்பெனிக்குள் பத்து வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். 2006-ல் ஸ்விட்சைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள், பார்ட் நம்பரை மாற்றாமல்! ஸ்டாக் ரெஜிஸ்டரில் பழசும் புதுசும் ஒரே பெயரில் இருந்தால் ஆடிட்டர் என்ன செய்வார்? ஏன் சாகிறார்கள் என்று தேடியவர்களுக்கு வருஷக்கணக்கில் பிடிபடவில்லை. 2014-ல்தான் சுமார் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவு மட்டும் 124.

அந்தப் பாகத்தின் விலை 57 சென்ட் என்று அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் சொன்னார்கள். கால்குலேட்டரை எடுத்தேன். 26 லட்சம் வண்டிக்கு, கூலி சேர்க்காமல், 15 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. 2015-ல் அரசாங்கத்துடன் சமாதானமாகப் போகக் கம்பெனி கட்டிய தொகை 90 கோடி டாலர். அறுநூறு மடங்கு! மனுஷனை விடுங்கள், லாபத்தை மட்டும் பார்த்தாலும் இது தப்புக் கணக்கு. எங்கள் காலேஜில் எழுதியிருந்தால் ஃபெயில் போட்டிருப்பார்கள்.

கண்ணாடி சரியானதும் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் புலம்பினேன். முப்பது வருஷம் வேறொரு கம்பெனியில் கதவு மாட்டுகிற லைனில் நின்றவர். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கிளிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நம்ம பாஷையில் சொன்னால் இப்படி:

"இந்த மாதிரிச் சாமானைக் கையில எடுக்கும்போதே தெரியும்ப்பா, இது நிக்காதுன்னு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லுவோம். 'லைன் நிக்கக் கூடாது, மாட்டி அனுப்பு'ம்பார். அனுப்பிடுவோம். சாயங்காலம் வீட்டுக்குப் போனா, என் பெண்டாட்டி ஓட்டறதும் அதே கார்தான்."

சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

அவர் சொன்ன அந்த 'லைன் நிக்கக் கூடாது'தான் வியாதியின் பெயர் என்று நினைக்கிறேன். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு ஃபாக்டரி இருந்தது. வேலைக்கு வராதவர்கள், வந்தும் குடித்துவிட்டு நிற்கிறவர்கள், தினம் ஒரு சண்டை... அமெரிக்காவிலேயே மோசமான ஃபாக்டரி என்று பெயர் வாங்கி 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து மறுபடி திறந்தார்கள். பெரும்பாலும் அதே தொழிலாளிகள், அதே யூனியன். டொயோட்டாக்காரர்கள் அவர்களில் பலரை ஜப்பானுக்குக் கூட்டிப்போய்த் தங்கள் ஃபாக்டரியைக் காட்டினார்கள். திரும்பி வந்ததும் லைன் பக்கத்தில் ஒரு கயிறு கட்டினார்கள். ஏதாவது சரியில்லை என்றால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுக்கலாம். உடனே ஆள் வந்து பார்ப்பார். சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும்!

இரண்டு மூன்று வருஷத்தில் அந்த 'உருப்படாத' ஆட்கள் கட்டிய கார் ஜப்பானில் கட்டின காருக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிட்டது. ஆளில் கோளாறு இல்லை. கயிறு இல்லாததுதான் கோளாறு.

அதே லைனில் இரட்டைப் பிள்ளைகளாக இரண்டு கார் பிறந்தன. ஒன்றுக்கு டொயோட்டா கொரோலா என்று பெயர், இன்னொன்றுக்கு ஜியோ பிரிஸம் என்று அமெரிக்கப் பெயர். உள்ளே இருந்த சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பழைய கார் மார்க்கெட்டில் கொரோலாவுக்கு விலை கூட! எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் குட்வில். பல வருஷமாகச் சின்னச் சின்ன கிளிப்பில் மிச்சம் பிடித்ததன் மொத்தத் தொகை அது.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பானுக்குத் தரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவர்களில் முக்கியமானவர் ஓர் அமெரிக்கர். எட்வர்ட்ஸ் டெமிங் என்ற புள்ளியியல்காரர். 1950-ல் ஜப்பானில் வகுப்பெடுத்தார். மறுவருஷமே அவர் பெயரில் அங்கே பரிசு வைத்துவிட்டார்கள். சொந்த நாட்டில் பெரும்பாலான ஜனங்கள் அவர் பெயரைக் கேள்விப்பட்டது 1980-ல், ஒரு டி.வி. நிகழ்ச்சி மூலம். அப்போது அவருக்கு வயசு எண்பதை நெருங்கிவிட்டது. அந்தப் பரிசை 1998-ல் இந்தியாவுக்கு முதல்முதலாகக் கொண்டுவந்தது யார் தெரியுமா? அப்போது சென்னை பாடியில் பிரேக் செய்துகொண்டிருந்த சுந்தரம் கிளேட்டன். 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி போனதும் சென்னையிலிருந்துதான். செய்தவர்கள் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். 'சிறந்த சப்ளையர்' விருதும் அதே ஜெனரல் மோட்டார்ஸிடம் வாங்கினார்கள். அதாவது, நல்ல சாமான் வேண்டும் என்று அமெரிக்கக் கம்பெனி நினைத்தால் கிடைக்கிறது. எந்தச் சாமானுக்கு அப்படி நினைப்பது என்பதில்தான் கஞ்சத்தனம்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது மாறிவிட்டது என்பீர்கள். நிறைய மாறியிருப்பது வாஸ்தவம். டெட்ராய்ட் கார்கள் முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட இன்று எவ்வளவோ தேவலை. ஆனால் பழக்கம் சுலபத்தில் விடுமா? அதே ஃப்ரீமாண்ட் ஃபாக்டரி 2010-ல் டெஸ்லா கைக்குப் போனது. டெஸ்லாவின் சைபர் டிரக், டெக்ஸாஸில் கட்டுவது, பார்க்க ராக்கெட் மாதிரி இருக்கும். 2024 ஏப்ரலில் சுமார் 3,900 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். காரணம் என்ன? ஆக்ஸிலேட்டர் மிதியின் மேல் தகட்டைச் சுலபமாக மாட்டுவதற்காக ஃபாக்டரியில் சோப்புத் தடவியிருக்கிறார்கள்! வழுக்கிக்கொண்டு போன தகடு மேலே சிக்கினால், ஆக்ஸிலேட்டர் அமுங்கினபடியே நிற்கும். மறுவருஷம் மார்ச்சில் இன்னொரு தடவை, சுமார் 46,000 வண்டிகள். பசை போட்டு ஒட்டின ஓரத்து ஸ்டீல் பட்டை, ஓடும்போது கழன்று விழலாம் என்று. என் காரின் கூரைத் துணிக்குக் குண்டூசி போதுமானதாக இருந்தது. அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்!

என் மனைவி இன்ஜினீயர் இல்லையா? அவளிடம் கேட்டேன், "உங்க ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாதா?" என்று. "எல்லாம் தெரியுங்க. மீட்டிங்ல சொல்லவும் சொல்லுவோம். 'கேஸ் எத்தனை வந்திருக்கு? எவ்வளவு செலவாகும்?'னு கேப்பாங்க. காது வலிச்சவங்க யாரும் அந்த மீட்டிங்ல இருக்க மாட்டாங்க" என்றாள்.

என் பி.காம். முழுசும் சொல்லிக்கொடுக்காத பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டாள். செலவைக் கணக்குப் போடுவது தப்பே இல்லை. எல்லாப் பாகத்தையும் தங்கத்திலா செய்ய முடியும்? தப்பு, எதிர்ப்பக்கத்தில் ஒரு கட்டத்தை எப்போதும் காலியாக விடுவதில்தான். அந்தக் கட்டத்தில் யாரோ ஒரு பெண் ஃப்ரீவேயில் கோட்டு இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கார் வாங்கப் போகிறவர்கள் இனிமேல் மைலேஜ் கேளுங்கள், விலை கேளுங்கள், கூடவே இதையும் கேளுங்கள்: "உங்க ஃபாக்டரியில் கயிறு இருக்கா? அதை இழுத்தவனை யாரும் திட்டலையே?"

கார் இன்னும் ஓடுகிறது. விற்கலாம் என்றால், வாங்க வருகிறவர் நாலாவது நிமிஷம் கூரையில் குண்டூசியைப் பார்த்துவிடுகிறார். இந்தக் குளிருக்கு என் மனைவி முன்ஜாக்கிரதையாக ஏற்பாடு செய்துவிட்டாள். ஒரு தம்ளர்க் குழியில் அகலமான ஒட்டு டேப். இன்னொன்றில் மடித்துச் சொருகிய பிளாஸ்டிக் ஷீட். மூன்றாவதில் கம்பளிக் கையுறையும் காதை மூடுகிற குல்லாயும்.

மிச்சமிருந்த மூன்று குழி எதற்கு என்று இப்போது புரிந்துவிட்டது. டிசைன் செய்தவர் தெரிந்துதான் வைத்திருக்கிறார்!